350 ஸ்மால் பிளாக்கின் அடிப்பாகம்: மெயின் கேப்பை அசையாமல் நிறுத்தும் வழி

நன்றாக அடி வாங்கிய செவர்லே 350 வி8 இன்ஜின் ஒன்றைக் கவிழ்த்து, நடு மெயின் கேப்பை (கிராங்க் ஷாஃப்ட்டைப் பிளாக்கோடு பிடித்து நிறுத்தும் மூடியை) கழற்றி, பிளாக்கோடு அது ஒட்டி உட்காரும் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மெஷின் விட்ட கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கேப் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. கோடுகள் அழிந்து, ஈயம் பூசியது போலச் சாம்பல் திட்டுகளும் ஊசி குத்தியது போலச் சிறு குழிகளும் இருந்தால், ஓடிய நேரமெல்லாம் கேப் பிளாக்கின் மேல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் திட்டின் ஓரம் மாட்டும். பட்டறையில் இதைத்தான் கேப் வாக் என்கிறார்கள். அடிப்பாகத்தை உறுதியாக்குவது என்றால் இந்தத் திட்டு வரவிடாமல் செய்வதுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது 1968 முதல் 1985 வரை வந்த 350. போர் (சிலிண்டர் விட்டம்) 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48 அங்குலம், மெயின் ஜர்னல் (மெயின் பேரிங்கில் சுழலும் கிராங்க் பகுதி) 2.45 அங்குலம், பின்பக்க மெயின் சீல் இரண்டு துண்டு. 1986 முதல் வந்த ஒரே துண்டு சீல் பிளாக்குக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். பின் கேப், ஃபிளைவீல், பாலன்ஸ் ஆகியவை மட்டும் வேறுபடும். அளவுகளை அங்குலத்திலேயே தருகிறோம், ஏனென்றால் இந்த இன்ஜினின் கேஜ், பேரிங், போல்ட் எல்லாமே அங்குலக் கணக்கு. ஆயிரத்தில் ஒரு அங்குலம் ஒரு தவு, மில்லிமீட்டரில் 0.0254.

விசை எங்கே போகிறது

4 அங்குல போரின் பரப்பு 12.57 சதுர அங்குலம். எரியும்போது சிலிண்டரில் அழுத்தம் 1,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு) ஏறினால் பிஸ்டன் தலையில் விழுவது சுமார் 5.7 டன். சிலிண்டர் வரிசைகள் நேர்செங்குத்திலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 45 டிகிரி சாய்ந்திருப்பதால், அந்த விசையில் ஏறக்குறைய 4 டன் பக்கவாட்டில் தள்ளுகிறது. அடுத்தடுத்த இரண்டு மெயின்கள் பகிர்ந்துகொண்டால் ஒரு கேப்புக்கு 2 டன். ஒரு முறை இடப்பக்கம், அடுத்த முறை வலப்பக்கம்.

எதிர்த்து நிற்பது என்ன? 7/16 அங்குல போல்ட்டை 70 அடி-பவுண்டுக்கு இறுக்கினால், சாதாரண எண்ணெயில், ஒன்று சுமார் 4.3 டன் அழுத்தம் தரும். இரண்டுக்கும் 8.7 டன். இரும்பின் மேல் இரும்பு உரசும் பிடிப்பை 0.15 என்று வைத்தால், பக்கவாட்டில் தாங்குவது 1.3 டன். மீதியைக் கேப்பின் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டிருக்கும் ரெஜிஸ்டர், அதாவது கேப் உட்காரும் பள்ளத்தின் பக்கச்சுவர்தான் தாங்கியாக வேண்டும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் இரண்டே போல்ட்டில் நிற்கும் டூ-போல்ட் கேப் ஏன் திணறுகிறது என்பதற்கு இதுவே போதும். எரிப்பு விசையின் கீழ்நோக்கிய பங்கு கேப்பைக் கீழே இழுத்து அந்தப் பிடிப்பையும் குறைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் கூடினால் கதை இன்னும் கடுமை. 6,500 ஆர்பிஎம்மில் பிஸ்டன், பின், ராடின் மேல்முனை சேர்ந்து 900 கிராம் இருந்தால், மேல்முனையில் அதை நிறுத்தித் திருப்ப வேண்டிய விசை சுமார் 2.4 டன். அதுவே 7,500இல் 3.2 டன். வேகம் 15 சதவீதம் ஏறினால் விசை 33 சதவீதம் ஏறுகிறது. குதிரைத்திறனைவிட ரெட்லைனைப் பார்த்து அடிப்பாகத்தைத் திட்டமிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். எடை குறைந்த பிஸ்டன் வாங்குவதும் அடிப்பாகத்தைக் காப்பதில் சேர்த்திதான்.

இன்னொன்று. ஸ்மால் பிளாக்கின் பக்கச்சுவர் கிராங்கின் மையக்கோட்டு உயரத்தோடு முடிந்துவிடுகிறது. கேப்பைப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்ள அங்கே இரும்பே இல்லை. 1997இல் வந்த செவர்லேயின் அடுத்த தலைமுறை எல்எஸ்1 பிளாக்கில் சுவரைக் கீழே இறக்கி, ஒவ்வொரு கேப்புக்கும் 4 நேர் போல்ட்டோடு 2 பக்கவாட்டு போல்ட்டும் கொடுத்தார்கள். பழைய பிளாக்கில் அதே பக்கவாட்டுப் பிடிப்பைத் தர இருக்கும் வழி, வெளி போல்ட்டுகளைச் சாய்த்துப் போடுவது.

எவ்வளவு வேலை தேவை

400 முதல் 450 குதிரைத்திறன், 6,000 – 6,500 ஆர்பிஎம் வரை என்றால் நல்ல டூ-போல்ட் பிளாக், மெயின் ஸ்டட் (போல்ட்டுக்குப் பதில் பிளாக்கில் நிற்கும், நட் மாட்டும் மரைத்தண்டு), லைன் ஹோன் (ஐந்து மெயின் துளைகளையும் ஒரே நேர்க்கோட்டில் தேய்த்து வட்டமாக்குவது), கவனமான பேரிங் இடைவெளி போதும். அதற்கு மேல், 500ஐத் தாண்டுவது வரை, நடு மூன்று கேப்புகளுக்கும் சாய்வு போல்ட் ஸ்டீல் கேப். 550 – 600ஐ நெருங்கினாலோ டர்போ, சூப்பர்சார்ஜர், நைட்ரஸ் எதையாவது தாராளமாகப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றாலோ, பழைய வார்ப்பில் பணத்தைக் கொட்டாதீர்கள். டார்ட் கம்பெனியின் எஸ்எச்பி போன்ற புது பிளாக்கில், மெயின் கேப் பூட்டப்படும் குறுக்குச்சுவரே தடிமன். நடு மூன்று கேப்பும் சாய்வு போல்ட்டோடுதான் வருகிறது. கேப், ஸ்டட், துளையிடல், லைன் போரிங் (மெயின் துளைகளைக் கட்டரால் ஒரே நேர்க்கோட்டில் வெட்டுவது) எல்லாக் கூலியையும் கூட்டி, புது பிளாக்கின் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள்.

டூ-போல்ட் பிளாக்கையே தேடுங்கள்

தொழிற்சாலை ஃபோர்-போல்ட் பிளாக் உயர்ந்தது என்ற நம்பிக்கையில் பலர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். அதன் நடு மூன்று கேப்புகளில் வெளி போல்ட்டுகள் நேராக இறங்குகின்றன. அவை மரை பிடிக்கும் இடம் குறுக்குச்சுவர் மெலியும் ஓரப்பகுதி. அதிக சுமையில் விரிசல் அங்கேதான் தொடங்கும். டூ-போல்ட் பிளாக்கில் அந்த ஓரம் துளையில்லாமல் முழுசாக இருக்கிறது; சாய்வு போல்ட் அதைத் தாண்டி, சுவர் தடித்த பகுதிக்குள் போய்ப் பிடிக்கிறது. ஆகவே மாற்றுவதற்குச் சிறந்தது டூ-போல்ட் பிளாக்தான். அதை நேர் போல்ட் ஃபோர்-போல்ட்டாக மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். செலவும் ஆகும், பலவீனமும் கூடும்.

3970010 என்ற வார்ப்பு எண் கொண்ட பிளாக் இரண்டு வகையிலும் வந்தது. எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆயில் பேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். டைமிங் கவருக்குப் பின்னால் உள்ள 010, 020 எண்களை வைத்து ‘நிக்கல் அதிகம்’ என்று விலை ஏற்றுகிறவர்களிடம் பேரம் பேசிக்கொண்டிருக்காதீர்கள். விரிசல் சோதனையும் சுவர்த்தடிமன் சோதனையும்தான் பிளாக்கின் தரத்தைச் சொல்லும்.

விரிசல் சோதனையைக் காந்தத்தூள் முறையில், பிளாக்கைச் சூடான தொட்டியில் கழுவிய பிறகு செய்யுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: மெயின் போல்ட் துளையின் அடியிலிருந்து கேம் ஷாஃப்ட் துளையை நோக்கி ஏறும் கோடு, ரெஜிஸ்டரின் உள்மூலை, லிஃப்டர் பள்ளத்தாக்கின் தரை. நடு மூன்று குறுக்குச்சுவரில் ஒரு மயிரிழை தெரிந்தாலும் அந்த பிளாக்கை ஒதுக்கிவிடுங்கள். வெல்டிங் வைத்துக் காப்பாற்றும் இடம் அது இல்லை.

ஸ்டட்: சுலபமான வேலை, சுலபமாகக் கெடும் வேலை

போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கவும் படுகிறது, இழுபடவும் செய்கிறது. பிளாக்கின் வார்ப்பிரும்பு மரை ஒவ்வொரு முறையும் தேய்கிறது. ஸ்டட் பிளாக்கில் அசையாமல் நிற்கும், நட் மட்டும் நுண்மரையில் சுற்றும். அதனால் இழுவிசை சீராகக் கிடைக்கிறது, கழற்றி மாட்டினாலும் பிளாக் மரை பிழைக்கிறது.

துளையை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு வெட்டாதீர்கள். டேப் நல்ல இரும்பையும் சீவும். மரை சுத்தம் செய்யும் சேசரைக் கையால் ஓட்டி, பிரேக் கிளீனர் அடித்து, காற்றடித்து உலர்த்துங்கள். துளைகள் மறுபக்கம் திறக்காதவை, அடி மூடியவை. அடியில் எண்ணெய் தேங்கி நின்றால், இறங்கும் ஸ்டட் அதை ஹைட்ராலிக் ஜாக்கி போல அழுத்தி பிளாக்கைப் பிளக்கும். துளை வாயில் முதல் மரை மேலே இழுபட்டு ஒரு சிறு மேடு எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் கேப் அந்த மேட்டின் மேல்தான் உட்காரும். வாயை லேசாகச் சாய்த்து வெட்டி மேட்டை எடுத்துவிடுங்கள்.

ஸ்டட்டைக் கையால் மட்டும் அடிவரை இறக்குங்கள். ரெஞ்ச் வைத்து முறுக்கி நிறுத்தினால் ஸ்டட் சாய்ந்து நிற்கும், கேப் இறங்கும்போது இழுக்கும். நட்டின் அடிமுகம், வாஷரின் மேல்முகம், மேல் மரை மூன்றுக்கும் ஸ்டட் கம்பெனி தரும் வழவழப்புக் களிம்பு. டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவும் அந்த கம்பெனியின் தாளில் உள்ளதுதான். 7/16 அங்குலத்துக்குப் பெரும்பாலும் 70 அடி-பவுண்டு, அதாவது 95 நியூட்டன் மீட்டர் வாக்கில் வரும். எண்ணெய்க்குச் சொன்ன அளவைக் களிம்புக்குப் பயன்படுத்தினால் இழுவிசை அளவுக்கு மீறிக் கூடிவிடும். அதனால் மரை பிய்யலாம். பிய்யாவிட்டாலும் துளையின் வட்டம் கோணும். லைன் ஹோன் செய்யும்போது எந்தக் களிம்போ, கடைசியாகப் பூட்டும்போதும் அதே களிம்பு, அதே டார்க் ரெஞ்ச். புது ஸ்டட் என்றால் மூன்று முறை முழு அளவுக்கு இறுக்கித் தளர்த்திய பிறகே அளவெடுங்கள். முதல் முறை மரை முகடுகள் படிவதிலேயே கொஞ்சம் விசை போய்விடும்.

ஸ்டட் மாட்டிவிட்டு லைன் ஹோன் செய்யாமல் ஓட்டுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு. விசை மாறியதும் கேப் வேறு விதமாக வளைகிறது. போல்ட்டோடு வட்டமாக இருந்த துளை ஸ்டட்டோடு வட்டமாக இருக்காது. கடைசி நட் இறுகிய நிலையில் உள்ள துளைதான் துளை.

சாய்வு போல்ட் கேப் பொருத்துவது

ஸ்ப்ளேய்டு என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் இந்தக் கேப்புகள் ஸ்டீல் பில்லெட்டிலும் டக்டைல் இரும்பிலும் வருகின்றன. கிராங்க் உட்காரும் துளை அரைகுறையாக, அளவுக்குச் சிறிதாக விடப்பட்டிருக்கும். பிளாக் பக்கத்து இரும்பை அதிகம் தொடாமல் கேப் பக்கத்தில் வெட்டி வட்டமாக்குவதற்காக அப்படி விடுகிறார்கள்.

பிளாக்கைக் கவிழ்த்து, மில்லிங் மெஷினில், கிராங்க் மையக்கோட்டுக்கு இணையாக நிறுத்த வேண்டும். புதுக் கேப் அகலமானது. அதனால் ரெஜிஸ்டரையும் அதன் வெளியே கேப்பின் தோள்கள் உட்காரும் இடத்தையும் வெட்டி அகலப்படுத்த வேண்டும். மையக்கோட்டிலிருந்து இரு பக்கமும் சமமாக வெட்டுங்கள். கேப்பின் அகலத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட 2 முதல் 4 தவு குறைவாகப் பள்ளத்தை முடியுங்கள். மூன்று கேப்பும் ஒரே அளவு என்று நம்பிவிடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, எந்தக் கேப் எந்த இடம் என்று எண் குத்திக்கொள்ளுங்கள்.

சரியான இறுக்கம் எப்படித் தெரியும்? கேப் கையால் அழுத்தினால் இறங்கக்கூடாது. இடமும் வலமும் மாற்றி மாற்றி ரப்பர் சுத்தியலால் தட்டினால், தட்டுக்குத் தட்டுக் கொஞ்சமாக இறங்கி, அடியில் தொட்டதும் ‘டங்’ என்று சத்தம் மாறும். கையால் விழுந்தால் ரெஜிஸ்டர் தளர்வு. கேப்பின் பக்கத்தில் சென்டர் பஞ்சால் குத்திப் புடைப்பு எழுப்பி இறுக்கும் பழைய தந்திரம் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அந்தப் புடைப்புகள் நசுங்கியதும் கேப் மறுபடி நடக்கும். மறுபக்கம், பாதியில் நிற்கும் கேப்பை போல்ட்டால் இழுத்து இறக்கவும் கூடாது. கோணலாக இறங்கி ரெஜிஸ்டரின் விளிம்பைச் சீவிவிடும். செய்த வேலை எல்லாம் வீண்.

கேப் அமர்ந்ததும் உள் ஸ்டட்டுகளை முழு டார்க்குக்கு இறுக்குங்கள். அதன் பிறகே வெளித்துளை. கேப்பில் உள்ள சாய்வுத் துளைக்குள் சரியாகப் பொருந்தும் வழிகாட்டிப் புஷ் ஒன்றைப் போட்டு, கேப்பையே ஜிக்காக வைத்து ட்ரில் இறக்குங்கள். கிட்டைப் பொறுத்து வெளி போல்ட் 7/16 அல்லது 3/8 அங்குலம். 7/16-14 மரைக்கு 0.368 அங்குல ட்ரில், 3/8-16க்கு 5/16. வார்ப்பிரும்பில் மரை பிடிப்பு விட்டத்தின் ஒன்றரை மடங்காவது வேண்டும்; 7/16க்கு முழு மரை குறைந்தது 0.66 அங்குலம். ட்ரிலின் தண்டில் ஆழத்தடுப்பு மாட்டாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள். கை ட்ரில்லில் செய்கிற வேலை இது இல்லை. ட்ரில் ஒரு டிகிரி விலகினாலும் போல்ட் கேப்பை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இறுகும்.

முடிந்ததும் எல்லா விளிம்பின் பிசிரையும் எடுங்கள். குறுக்குச்சுவரில் வார்ப்பு அச்சு விட்ட கூர்மையான விளிம்புகளைக் கார்பைடு பர்ரால் மழுங்கடியுங்கள்; விரிசல் கூர்மையான மூலையிலிருந்துதான் புறப்படும்.

லைன் போரிங், லைன் ஹோனிங்

புதுக் கேப்புகள் நடு மூன்றுக்குத்தான். 1ஆம், 5ஆம் கேப் பழையவை. அவற்றின் பிளாக் முகத்தில் 3 முதல் 5 தவு அரைத்து எடுத்தால்தான் துளை சிறிதாகி, வெட்டி வட்டமாக்க இரும்பு கிடைக்கும். முதலில் நடு மூன்றையும் லைன் போரிங்கில் ஏறக்குறைய அளவுக்குக் கொண்டுவந்து, கடைசி ஓரிரு தவை ஐந்தையும் சேர்த்து லைன் ஹோனில் முடிப்பது நல்லது.

முடிவு அளவு 2.6406 முதல் 2.6415 அங்குலம். நடுவில், 2.641இல் நிறுத்துங்கள். மேல் எல்லையைத் தாண்டினால் பேரிங் ஷெல் (துளைக்குள் உட்காரும் அரைவட்டப் பேரிங் துண்டு) இறுகிப் பிடிக்காது. ஷெல்லின் முதுகில் பளபளப்பான உரசல் தெரிந்தால் அது உள்ளே சுழலப் பார்த்திருக்கிறது என்று பொருள். வட்டத்தில் அரைத் தவுக்கு மேல் கோணல் இருக்கக்கூடாது. ஹோனிங் முடிந்ததும் எல்லா நட்டையும் தளர்த்தி, கேப்பைக் கழற்றித் திரும்ப மாட்டி, மீண்டும் இறுக்கி அளவெடுங்கள். அளவு அப்படியே திரும்பி வந்தால் ரெஜிஸ்டர் வேலை சரி. இரண்டாம் முறை வேறு எண் காட்டினால் கேப் தினமும் வேறு வேறு இடத்தில் உட்காரும். அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

மெயின் துளையின் பிளாக் பக்கத்தை வெட்டினால் கிராங்க் கேம் ஷாஃப்ட்டை நோக்கி ஏறும். 3, 4 தவு ஏறினாலே டைமிங் செயின் தொங்கும். 5 தவு குறைந்த செயின் செட் விற்கிறார்கள், அளந்து வாங்குங்கள். கிராங்க் நகர்ந்ததால் பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸ் மாட்டும் கூடு) மையமும் விலகும். டயல் கேஜ் வைத்து 5 தவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆஃப்செட் டவல் பின் போட வேண்டும். இதை விட்டுவிட்டு, பிறகு கியர்பாக்ஸின் முன் பேரிங் ஏன் சாகிறது என்று தேடுகிறவர்கள் உண்டு.

வரிசையும் முக்கியம். லைன் ஹோன் முடிந்த பிறகுதான் டெக் (சிலிண்டர் ஹெட் உட்காரும் பிளாக் முகம்) சீவுதலும் சிலிண்டர் போரிங்கும். டெக்கின் உயரம் கிராங்க் மையத்திலிருந்து அளக்கப்படுவது. மையம் பின்னால் மாறினால் முன்னால் செய்த வேலை தப்பாகிவிடும்.

பின் கேப்பின் மூன்று பொறிகள்

ஐந்தாம் மெயின் தனி உலகம். கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் அதில் இருக்கிறது, ஆயில் பம்ப் அதில் தொங்குகிறது, சீலும் அங்கேதான்.

பம்ப்பைப் பூட்டும் போல்ட் துளை, கேப்பின் ஊடாகப் பேரிங் அமரும் இடம் வரை போகிறது. போல்ட்டோ ஸ்டட்டோ சற்று நீளமானால் ஷெல்லின் முதுகைக் குத்தி உள்ளே புடைக்க வைக்கும். ஷெல் இல்லாமல் பம்ப்பைப் பூட்டி, துளைக்குள் ஏதும் எட்டிப் பார்க்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். அதோடு, பம்ப் இறுகும்போது கேப்பையே லேசாக வளைக்கிறது. ஆகவே லைன் ஹோன் செய்யும்போதும் இடைவெளி அளக்கும்போதும் ஒரு பழைய பம்ப் உடலை 65 அடி-பவுண்டுக்குப் பூட்டியே வைத்திருங்கள்.

மூன்றாவது, பின் கேப்பின் அடியில் பிளாக்கில் மறைந்திருக்கும் சிறு பிளக். பம்ப்பிலிருந்து வரும் எண்ணெயை ஃபில்டருக்குத் திருப்பிவிடுவது அதுதான். சூடான தொட்டிக்கு அனுப்பும்போது எண்ணெய்ப் பாதைகளை மூடும் எல்லா கேலரி பிளக்கையும் கழற்ற வேண்டும், இதையும் சேர்த்து. திரும்பப் போட மறந்தால் எண்ணெய் ஃபில்டரைத் தொடாமல் நேரே பேரிங்குக்குப் போகும். பிரஷர் கேஜ் ஒன்றும் காட்டிக்கொடுக்காது. இத்தனை ட்ரில்லிங் நடந்த பிளாக்கில் ஃபில்டர் இல்லாத எண்ணெய் என்றால் முதல் நாளிலேயே பேரிங் போய்விடும். நீளமான நைலான் பிரஷ், சோப்பு, சூடான தண்ணீர் கொண்டு ஒவ்வொரு எண்ணெய்ப் பாதையையும் வெள்ளைத் துணி அழுக்காகாமல் வெளிவரும் வரை கழுவுங்கள். சாய்வுத் துளைகளையும் மறக்காதீர்கள்.

பேரிங் இடைவெளி

ஜர்னல் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 1 தவு, மேலே அரைத் தவு: 2.45 அங்குலத்துக்குச் சுமார் 3 தவு வரும். 20டபிள்யூ-50 எண்ணெயும் 7,000 ஆர்பிஎம்மும் என்றால் 2.8 – 3 தவு. தெருவில் ஓடும், 10டபிள்யூ-40 போடும் இன்ஜினுக்கு 2.5 போதும். பந்தய ரகப் பேரிங்கில், கிளெவைட் எம்எஸ்909எச் போன்றவற்றில், கிராங்க்கின் வளைந்த மூலைக்கு இடம் விட்டு ஓரம் சாய்த்திருப்பார்கள். புது ஃபோர்ஜ்டு கிராங்க்குக்கு அது அவசியம். சாதாரண ஷெல் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும்.

நசுங்கும் பிளாஸ்டிக் நூலை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே மைக்ரோமீட்டரில் போர் கேஜை பூஜ்யத்துக்கு வைத்து, ஷெல் மாட்டி முழு டார்க்குக்கு இறுகிய துளையை நேர்செங்குத்தில் அளங்கள். பிரிப்புக்கோட்டின் அருகே அளக்கக்கூடாது. ஷெல் அங்கே வேண்டுமென்றே மெலிந்திருக்கும். பிளாக்கும் கிராங்க்கும் கேஜும் ஒரே அறையில் ஓர் இரவு கிடக்கட்டும். 10 டிகிரி செல்சியஸ் வித்தியாசத்தில் இந்தத் துளை கால் தவுக்கு மேல் மாறும், நீங்கள் துரத்துவதே அரைத் தவு.

பூட்டும்போது உள் நட்டுகளை நடுக் கேப்பிலிருந்து வெளியே போய் 30, 50, 70 என்று மூன்று கட்டமாக இறுக்கி, பிறகு வெளி போல்ட்டுகளை இறுக்குங்கள். வெளியை முதலில் இறுக்கினால் கேப் முழுசாகப் படியும் முன்பே அகன்று இழுபடும். ஐந்தாம் கேப்பைக் கடைசி டார்க்குக்குக் கொண்டுபோகும் முன் கிராங்க்கை முன்னும் பின்னும் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள்; த்ரஸ்ட் ஷெல்லின் இரு பாதியும் ஒரே தளத்துக்கு வரும். முன்பின் ஆட்டம் 4 முதல் 7 தவு. ஒவ்வொரு கேப் இறுகியதும் கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். எந்தக் கேப்பில் கனம் கூடியதோ அங்கேதான் பிழை. ஐந்தையும் இறுக்கிவிட்டுத் தேடினால் கண்டுபிடிக்க முடியாது.

ஃபில்லர், கர்டில்

ஹார்ட் பிளாக் போன்ற சிமெண்ட் வகை ஃபில்லரை வாட்டர் ஜாக்கெட்டின் அடியில் ஊற்றுவது சிலிண்டரின் கீழ்ப்பகுதியை இறுக்கும். மெயின் கேப் நடப்பதை அது நிறுத்தாது. நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயக் கார் என்றால் வாட்டர் பம்ப் துளையின் அடி விளிம்பு வரை ஊற்றலாம். அதையும் எல்லா மெஷினிங்குக்கும் முன்பே, கேப்புகளும் டெக் மேல் டார்க் பிளேட்டும் இறுகிய நிலையில் ஊற்றி, டப்பாவில் சொன்ன நாள் கணக்கு முழுக்கக் காயவிடுங்கள். தெருவில் ஓடும் காருக்கு நாங்கள் சொல்வதில்லை. சிலிண்டரின் அடிப்பாகத்துக்குத் தண்ணீர் எட்டாது, எண்ணெய் சூடாகும், ஆயில் கூலர் இல்லாமல் தீராது.

எல்லாக் கேப்பையும் ஒரே தகட்டால் கட்டும் மெயின் கர்டிலைப் பற்றியும் கேட்பார்கள். ஃபோர்டு 302இல் அது பிரபலம். அந்த பிளாக்கின் பலவீனம் வார்ப்பிலேயே இருக்கிறது; சுமார் 500 குதிரைத்திறனில் மெயின் சுவர் வழியே கேம் துளை வரை பிளாக்கே இரண்டாகப் பிளக்கும். கர்டில் கேப்புகளைப் பிடித்துக்கொள்ளும், பிளாக் அதற்கு மேலே பிளக்கும். 350க்கும் அதே நியாயம்தான். தகட்டுக்குக் கொடுக்கும் காசை லைன் ஹோனுக்குக் கொடுங்கள்.

அடிப்பாகத்தின் மீதி வேலைகளில் கவனிக்க வேண்டியவை சில. ராட் போல்ட்டை டார்க்கில் அல்ல, நீட்சி கேஜில் இறுக்குங்கள். எண்ணெய் உறிஞ்சும் பிக்கப்புக்கும் ஆயில் பேனுக்கும் இடையே 3/8 அங்குலம் விட்டு, பிக்கப் குழாயைப் பம்ப்போடு வெல்டு வைத்துவிடுங்கள். இடைவெளியை பேன் கேஸ்கெட்டோடு சேர்த்து அளக்கவும். வெல்டு வைக்கும்போது பம்ப்பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், சூடு பட்டால் அது தளர்ந்துவிடும். கிராங்க்கின் முன்னால், அதிர்வை அடக்கும் எஸ்எஃப்ஐ 18.1 (பந்தயப் பாதுகாப்புத் தரம்) டேம்பர். கிராங்க், ராட், பிஸ்டன், டேம்பர், ஃபிளைவீல் ஐந்தும் ஒன்றாகப் பாலன்ஸ் ஆக வேண்டும். பாலன்ஸ் தவறிய கிராங்க் எவ்வளவு நல்ல கேப்பையும் அடித்து நடக்க வைக்கும்.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெள்ளி நிறப் பொடி இருந்தால் பேரிங் மேல்பூச்சு, செம்பு நிறம் என்றால் அடுத்த அடுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பருவம் முடிந்ததும் பேனை இறக்கி மூன்றாம் கேப் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். ஷெல்லை அதே இடத்தில், அதே திசையில் திரும்ப வைக்கும்படி குறித்துக்கொள்ளுங்கள். கேப்பின் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கட்டர் விட்ட கோடுகள் பூட்டிய அன்று இருந்தது போலவே ஓரத்திலிருந்து ஓரம் வரை அறுபடாமல் ஓட வேண்டும். அப்படி ஓடினால் களிம்பு தடவி, அதே டார்க்குக்கு இறுக்கி, பேனை மூடிவிடலாம்.